எச்சில் இழை

விடியற்காலை மூன்றரை மணி. தறிப் பட்டறைக்குப் போகிற பாதையில் ஒரு நாய்கூட இல்லை... இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. போர்வையைக் கால்வரை இழுத்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் போனவள் நம் தெருத் தையல்காரியின் நாத்தனார். நெசவு தெரிந்தும், பத்து வருஷமாகப் பட்டுக்கூடு வேகவைக்கிற கொட்டகையில் வேலை. வெந்த புழு வாடை அவள் தலைமுடியில், சோற்றில், தலையணையில்கூட. கொதிநீரில் ஊறி விரல்நுனித் தோல் வெள்ளையாகக் கழன்று வரும். புருஷனே முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் படுப்பான்.

தப்பிக்க ஒரு வழி கிடைத்தது. மாளிகைச் சுவரில் தொங்கவிடப் பொன்னிறப் பட்டு நெய்துகொண்டிருந்த எச்சிலண்ணன், முந்தாநாள் தறியிலேயே இருமி இருமிச் சரிந்து உயிரை விட்டார். அறுந்த இழையை நாக்கில் நனைத்து முறுக்கி ஒட்டுவார். அதனால் அந்தப் பேர். இன்னும் இரண்டு சாண் பாக்கி.

“நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடிச்சா தறி உனக்கு,” என்று முந்தின சாயங்காலம் சொல்லியிருந்தார் முதலாளி. “ஒரு முடிச்சு தெரிஞ்சாலும் மறுபடி புழுக்கொட்டகைதான், பாத்துக்க.”

“அங்க திரும்பறதுக்குப் பதிலா நானே கொதிக்கிற அண்டாவுல இறங்கிடுவேன், முதலாளி.”

விளக்கை ஏற்றி உட்கார்ந்தாள். டக்... டக்... சற்று நேரத்தில் ஓர் இழை அறுந்தது. பக்கத்திலிருந்த கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டு முறுக்கினாள். ஒட்டவில்லை. மறுபடியும்... ஒட்டவில்லை. கிண்ணத்துப் பக்கம் திரும்பிவிட்டுப் பார்த்தால், இழை ஒட்டியிருந்தது. தொட்டாள்... கொழகொழவென்று, வெதுவெதுப்பாக. முகர்ந்தால் சளியும் சொத்தைப்பல்லும்.

விரலைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். ஆனாலும் நெய்தாள். அறுந்தபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காதருகே சின்னதாய் ஒரு சப்புச் சத்தம். திரும்பினால் ஒட்டியிருக்கும்.

வெயில் உச்சிக்கு ஏறியது. கடைசி விரல்கடையில் மறுபடி அறுந்தது. முகத்தைத் திருப்பினாள். சத்தமே இல்லை... பார்த்தாள். அறுந்த நுனி அவள் உதட்டுக்கு நேரே, ஈரம் சொட்ட நின்றது. வாசலில் முதலாளியின் செருப்புச் சத்தம்.

கண்ணை மூடி, அதை வாய்க்குள் வைத்தாள்.

முதலாளி பட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். “முடிச்சே தெரியலையே. உனக்கு இருக்கறது வாயா, பசைக்கிண்ணமா?” தறி அவளுக்கே.

வீட்டில் வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துக் கன்னம் வலித்தது. கடைவாய்ப் பல்லில் என்னவோ உறுத்தல். கண்ணாடி முன் நின்று அதன் நுனியைப் பிடித்தாள். பொன்னிற இழை. இழுத்தாள்... ஒரு சாண். ஒரு முழம். தொண்டையை அறுத்துக்கொண்டு, வெந்த புழு வாடையோடு வந்துகொண்டே இருந்தது.

பிறகு நின்றது. மெல்ல... அவள் விரலிலிருந்து நழுவி, உள்ளே போகத் தொடங்கியது.

தொண்டைக்குள், அந்தச் சின்னச் சப்புச் சத்தம்.