விழுந்தாச்சு, வா

வெளிமாநிலத்துக்கு வில் வேட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வில்லைத்தான் கையில் எடுக்கிறார்கள். அது தவறு. முதலில் எடுக்கவேண்டியது வரைபடம். நவம்பர் வேட்டைக்கு வில்லை அக்டோபர் மாதம்கூடச் சரிபார்த்துக்கொள்ளலாம், நிலத்தை அப்படிப் பார்க்க முடியாது. உங்களுக்கு வேட்டைப் பழக்கம் இல்லை என்று போன தடவையே சொன்னீர்கள். அதனால் அடியிலிருந்து சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். என் நண்பன் ராய்ஸ் இறந்த அன்று உங்கள் போலீஸ் நிலையத்தில் இதே மேசையில் உட்கார்ந்து நான் எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தில் சில இடங்கள் விட்டுப்போயிருக்கின்றன. அவற்றைச் சேர்க்கத்தான் பென்சில்வேனியாவிலிருந்து மறுபடி பதினைந்து மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறேன்.

என் தொழில் பால் பண்ணைகளில் குளிர்விக்கும் தொட்டிகளைப் பழுது பார்ப்பது. ராய்ஸ் உம்ஹோல்ட்ஸ் அந்தப் பாலை ஏற்றிப்போகும் டேங்கர் லாரி ஓட்டினான். ஒரு பண்ணை வாசலில் பார்த்துப் பேசப்போய் இருபத்திரண்டு வருடம் ஒன்றாக வேட்டையாடினோம். ஜெனெலோடு நடந்த அவன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் நான். என் அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் அவன் ஒருவன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அவன் யாரோ ஒருவன் இல்லை என்பது பதிவாகவேண்டும்.

உங்கள் அயோவாவில் வெளியூர்க்காரன் நினைத்தவுடன் மான் வேட்டை அனுமதிச் சீட்டு வாங்கிவிட முடியாது. வருடா வருடம் விண்ணப்பிக்கவேண்டும். கிடைக்காத ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு புள்ளி சேரும். புள்ளி போதிய அளவு சேர்ந்தால் சீட்டு. இரண்டு பேர் சேர்ந்து விண்ணப்பித்தால் இருவர் புள்ளியையும் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். நான் தொடங்கி நான்கு வருடம் ஆனபிறகுதான் ராய்ஸுக்கு ஆசை வந்தது. அவனைச் சேர்த்துக்கொண்டதால் என் சராசரி பாதியாக இறங்கியது. தனியாகப் போயிருந்தால் இரண்டு வருடம் முன்பே போயிருப்பேன். அவனுக்காக இருந்தேன். அதை நான் சொல்லிக்காட்டியதே இல்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

அந்த இடத்தைக் கண்டுபிடித்தது நான். மூன்று குளிர்காலம் வரைபடத்தைத் துழாவி, யாருக்கும் கண்ணில் படாத ஒரு பொதுநிலத் துண்டைப் பிடித்தேன். மூன்று பக்கமும் தனியார் சோள வயல். நான்காவது பக்கம் ஓடை. தொடை ஆழத் தண்ணீரில் இறங்கி நடந்தால்தான் உள்ளே போகமுடியும். சோம்பேறி எவனும் வரமாட்டான். ஒரு மார்ச் மாதம் லீவு போட்டுத் தனியாக வந்து நடந்து பார்த்தேன். ஓடை வளைவில் இரட்டைத் தண்டு சிக்கமோர் மரம் ஒன்று. ஒரு தண்டில் மின்னல் இறங்கிப் பட்டையெல்லாம் உரிந்து எலும்பு மாதிரி வெளுத்திருந்தது. அதன் அடியில் மான் தடம் ஒற்றையடிப் பாதையாகவே விழுந்திருந்தது. அந்த மரத்தை வரைபடத்தில் குறித்து, குறியை ஒரே ஒருத்தனுக்கு அனுப்பினேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடித்த மானோடு படம் எடுத்தால், பின்னால் தெரியும் மரத்தையும் மேட்டையும் கலங்கலாக்கிவிட்டுத்தான் வெளியே காட்டுவோம். பார்க்கிறவன் இடத்தை அடையாளம் பிடித்துவிடக் கூடாது. கட்டின பெண்டாட்டிக்கும் இடம் தெரியாது. குறியை அனுப்பியதும் ராய்ஸ் கூப்பிட்டான். “ஜெனெல் காதுல கூட விழாதுடா லோவெல். நான் செத்தா என்னோடயே போகும்” என்றான். அப்படி ஒரு சத்தியம் நான் கேட்கவே இல்லை.

நவம்பர் முதல் சனிக்கிழமை வந்து சேர்ந்தோம். ஊருக்கு வெளியே பெட்ரோல் போட நிறுத்தினான் ராய்ஸ். நான் காப்பியும், காலையில் அங்கே விற்கும் முட்டை பீட்சாவும் வாங்க உள்ளே போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. ஊர்க்காரர்கள் அடித்த மான்களின் படங்களைக் குத்தி வைத்திருந்தார்கள். வரிசை நகரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பலகையின் இரண்டாவது வரிசைப் படம் ஒன்றில் ட்ரென்ட் உட்கார்ந்திருந்தான். ஜெனெலின் தம்பி. காற்றாலைக் கம்பங்களில் ஏறும் வேலைக்காக மூன்று வருடம் முன்பு அயோவாவுக்குக் குடிவந்தவன். உள்ளூர்வாசி ஆகிவிட்டால் புள்ளி, சராசரி எதுவும் வேண்டாம், கடையிலேயே சீட்டு வாங்கலாம். அவன் மடியில் கிடந்த தலையில் பன்னிரண்டு கிளைக் கொம்பு. அப்படி ஒன்றை என் ஆயுளில் நேரில் பார்த்ததில்லை. பின்னால் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கலங்கலாக்கியிருந்தான். இடது ஓரத்தில் கைப்பெருவிரல் அகலத்துக்கு மட்டும் விட்டுப்போயிருந்தது. அதில் பட்டை உரிந்த ஒரு வெள்ளைத் தண்டு.

பீட்சாவை வாங்கிக்கொண்டு வண்டிக்கு வந்தேன். ராய்ஸ் தன் துண்டைத் தின்றுகொண்டே பாட்டுப் பாடினான். எனக்கு நெஞ்சு வலித்தது. உண்மையாகவே வலித்தது, வண்டியை நிறுத்தச் சொல்லலாமா என்று யோசித்தேன்.

அவனிடம் நான் கேட்கவில்லை. கேட்டு வாங்குவதில் எனக்கு விருப்பம் இல்லை. அவனாகச் சொல்ல வாய்ப்புக் கொடுத்தேன். முதல் நாள் சாயங்காலம் கூடாரத்துக்கு வெளியே அடுப்பைப் பற்றவைத்தபோது, சிக்கமோர் மரத்தில் யாரோ கிளை கழித்த வெட்டு இருக்கிறதே என்று பேச்சை எடுத்தேன்.

“பீவர் கடிச்சிருக்கும். மரத்தைக் கொறிக்கிறதுதானே அதுக்கு வேலை.”

“பத்தடி உசரத்துலயா?”

“ஏணி வச்சிருக்கும்டா. உன்னை மாதிரி பைத்தியம் தவிர இந்தத் தண்ணிக்குள்ள எவன் இறங்குவான்?”

நன்றாகத்தான் சிரிக்கவைப்பான். அன்றைக்கு நானும் சிரித்தேன். மறுநாள் ட்ரென்ட் எப்படி இருக்கிறான் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். சட்டியிலிருந்து எனக்கு ஒரு கரண்டி அள்ளி வைத்தான்.

“அவனுக்குக் கம்பத்துல ஏறி இறங்கவே பொழுது சரியா இருக்கு. வில்லைத் தொட்டே ரெண்டு வருஷம் ஆச்சாம்.”

இடத்தைக் கொடுத்ததைக்கூட ஒருவேளை விழுங்கியிருப்பேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, எனக்குப் பரிமாறிக்கொண்டே சொன்ன இந்தப் பொய்தான் தொண்டையில் நின்றது. மூன்றாவது நாள் அவன் எதுவும் சொல்லவில்லை, நானும் எதுவும் கேட்கவில்லை. என் மெத்தையில் காற்று இறங்குகிறது என்று தன்னுடையதை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தான். குற்ற மனசு இருக்கிறவன் இப்படித்தான் தாராளமாக இருப்பான்.

நான்காவது நாள் காலைக்கு வருகிறேன். மேலே உட்கார்ந்து மானுக்குக் காத்திருக்க மரத்தில் படி கட்டி ஏறுகிறவர்கள் ஒவ்வொரு படிக்கும் இடுப்பு வாரின் கொக்கியைக் கயிற்றில் மாற்றி மாட்டிக்கொண்டே ஏறவேண்டும், இறங்கவேண்டும். ராய்ஸுக்கு அதில் பொறுமை கிடையாது. அதனால் இருபத்திரண்டு வருடமாகப் பிரிந்து நடக்கும்போது நான் கேட்பேன், “கொக்கி?” அவன் “மாட்டிக்கிறேன் அம்மா” என்பான். அன்றைக்கு ஓடைக்கரையில் பிரிந்தபோது நான் கேட்கவில்லை. அவன் அரை நிமிடம் நின்றான். பிறகு தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். படிகளில் உறைபனி பளபளவென்று இருந்தது. ஒருவனைக் கொக்கி மாட்டச் சொல்லாமல் விடுவது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை. நான் படித்துப் பார்த்துவிட்டேன்.

ஒன்பது மணி தாண்டி அவனிடமிருந்து செய்தி வந்தது. அந்தப் பள்ளத்தில் அழைப்பு எதுவும் போகாது. எழுத்துச் செய்தி மட்டும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால், போகும். “விழுந்தாச்சு, வா.” மான் விழுந்தால் நாங்கள் ஒருவருக்கொருவர் எப்போதும் அனுப்புவது இதே இரண்டு வார்த்தைதான். யார் விழுந்தது என்று எழுதும் வழக்கம் இல்லை. பழக்க தோஷத்தில் அன்றைக்கும் அவன் அப்படியே எழுதிவிட்டான்.

மான்தான் விழுந்தது என்று நினைத்ததாகப் போன தடவை சொன்னேன். “எங்க பட்டுச்சு?” என்று பதில் அனுப்பியதையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மறுமொழி வரவில்லை. அம்பு எங்கே பட்டது என்று தெரியாவிட்டால் வயிற்றில் பட்டதாகத்தான் வைத்துக்கொள்ளவேண்டும், வயிற்றில் பட்ட மானை உடனே தேடிப் போகக்கூடாது. காலடி கேட்டால் எழுந்து ஓடும், ஓடி எங்கேயோ போய் அணு அணுவாகச் சாகும். ஐந்து மணி நேரமாவது அதன் பாட்டுக்கு விடுவதுதான் அதற்குச் செய்யும் இரக்கம். இதை நான் சொன்னபோது உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வனத்துறை அதிகாரி தலையாட்டினார். அவரும் வேட்டைக்காரர்.

இலை உதிர்ந்த காட்டில் என் மரத்திலிருந்து அவன் மரம் நன்றாகத் தெரியும். இதை நீங்கள் கேட்கவில்லை. அவன் இறங்குவதைப் பார்த்தேன். மேலிருந்து மூன்றாவது படியில் கால் வழுக்கி விழுந்தான். கொக்கி மாட்டியிருக்கவில்லை. நான்கு நிமிடம் கழித்துத்தான் செய்தி வந்தது. எங்கே பட்டது என்று நான் கேட்டது அவனை இல்லை. என்றைக்காவது அதைப் படிக்கப்போகிற உங்களுக்காக எழுதியது.

பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தான். செய்தி அனுப்பிய கையோடு போன் நழுவி, எட்டாமல் சருகுக்குள் போய்விட்டது, நீங்கள் அதைக் கண்டெடுத்த இடத்திலிருந்து எனக்கும் புரிந்தது. பள்ளத்தில் குரல் தெளிவாக வரும். நான் ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டேன். பசித்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை. பதினொரு மணிக்கு, ஒவ்வொரு படிக்கும் கொக்கியை மாட்டிக்கொண்டு இறங்கினேன். மானை நெருங்கும்போது செய்வதுபோல, காற்று என் முகத்துக்கு வரும்படி சுற்றிக்கொண்டு, குச்சி முறியாமல் அடிமேல் அடி வைத்துப் போனேன். நாற்பது தப்படி இருக்கும்போது ஒரு விழுந்த மரத்தின் பின்னால் நின்றேன். மல்லாந்து கிடந்தான். கால் இரண்டும் அசையவில்லை. உதடு நீலமாக இருந்தது. மதியத்துக்குள் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னாராமே. அவர் கெட்டிக்காரர்தான்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என்னைப் பார்த்தால் எதை வேண்டுமானாலும் சொல்லியிருப்பான், உயிர்ப்பயத்தில் இருக்கிறவன் சொல்வதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? தலைமாட்டில் நின்று பேரம் பேசுகிற ஆள் இல்லை நான். நான் இருப்பது தெரியாமல், அவனாக, ஒரு தடவை சொன்னால் போதும். சொன்ன மறுநொடி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடையைக் கடந்திருப்பேன். இதை நான் மனப்பூர்வமாக நம்பினேன். வழி முழுக்க வண்டி ஓட்டும்போதும் இதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

போன வாரம் ஜெனெல் கடிதம் எழுதியிருந்தாள். கடைசியில் அவன் ஏதாவது பேசினானா, நீ போனபோது உயிர் இருந்ததா என்று கேட்டிருந்தாள். இல்லை, நான் இரண்டு மணிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது என்று பதில் போட்டேன். தபாலில் சேர்த்த பிறகு தூக்கம் வரவில்லை. என்னை ஏமாற்றினான் என்பது உண்மை. அதற்காக அவன் கடைசிவரை வாயைத் திறக்காமலே போனதாக அவள் நினைப்பது நியாயம் இல்லை. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

அவன் சொன்னான். பன்னிரண்டு மணி இருக்கும். கத்துவதை நிறுத்தி ரொம்ப நேரம் ஆகியிருந்தது. வானத்தைப் பார்த்து, பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பதுபோல மெதுவாகத்தான் பேசினான்.

“ட்ரென்ட்டுக்கு நான்தான்டா இடத்தைக் காட்டினேன், லோவெல். பொண்டாட்டி விட்டுட்டுப் போய், பித்துப் பிடிச்ச மாதிரி உக்காந்திருந்தான். பாக்கச் சகிக்கல. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. மன்னிச்சுருடா.”

கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நெஞ்சில் நான்கு நாளாக அடைத்திருந்தது கரைந்தே போனது. இருபத்திரண்டு வருடத்தில் அவன்மேல் அவ்வளவு பிரியம் எனக்கு வந்ததில்லை. சத்தம் வராமல் கையுறையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே சருகில் உட்கார்ந்தேன். இன்னும் ஒரு தடவை சொல்வான் என்று இரண்டு மணிவரை காத்திருந்தேன்.