வீடியோவில் கிடைத்த வேலை

மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில், குருக்கள்மடத்தில் ஏறிய இரண்டு இளம்பெண்கள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். ஒருத்தி சொன்னாள்: “எனக்கு வேலை கிடைச்சது எல்லாருக்கும் தெரியுது. எனக்குத்தான் இன்னும் கிடைக்கல்ல.”

“என்னகா சொல்றாய்?”

“மட்டக்களப்பு டவுனில நான் படிச்ச கொலிச்சில புதுப் பிள்ளைகளைச் சேர்க்க வீடியோ எடுத்தாங்க. ‘இங்க படிச்சன், வேலை கிடைச்சிட்டு’ எண்டு சொல்லச் சொன்னாங்க. எப்பிடியும் கிடைக்கும்தானே எண்டு நானும் சொல்லிற்றன். அதப் பாத்திற்று கிரான்ல இரிக்கிற ஒரு பிள்ளை இண்டைக்குச் சேரப் போறாளாம். எனக்கு மெசேஜ் போட்டிருக்காள்.”

“அவளுக்கு உண்மையச் சொல்லன்.”

“என்ட சேர்டிபிகேட் இன்னும் அவங்கட கையில இரிக்கி. தராம விட்டா?”

பஸ் காத்தான்குடியைத் தாண்டியது. அவள் போனை வாயருகே பிடித்தாள்.

“தங்கச்சி, வீடியோவில நான் சொன்னது பொய். எனக்கு வேலை கிடைக்கல்ல. யோசிச்சுச் சேருங்க.”

அந்தக் குரல் பதிவை அனுப்பினாள்.

கல்லடிப் பாலத்தில் பதில் வந்தது. பின்னால் இருந்த எனக்கும் கேட்டது.

“அக்கா, நான் கொலிச் கேற்றடியிலதான் நிக்கிறன். இன்னும் உள்ளுக்குப் போகல்ல. அம்மா நம்புறா இல்ல. நீங்களே வந்து அவவுக்குச் சொல்லுவீங்களா?”

தோழி அவள் முகத்தையே பார்த்தாள்.

“வாறன்” என்று போனில் சொல்லிவிட்டு அவள் எழுந்து நின்றாள்.