ரியாத்தில் மீன் பிடிக்கும் இடம்

"ரியாத்தில மீன் பிடிக்க நல்ல இடம் எது, அண்ணை?"

லண்டன், தோர்ண்டன் ஹீத்தில் நான் ஏறிய பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த இளைஞன் தன் பக்கத்திலிருந்த தலை நரைத்த மனிதரிடம் கேட்டான். பாலைவனத்தின் நடுவே இருக்கும் நகரம் அது. அதன் அருகில் கடலே கிடையாது. நான் பேப்பரை மடித்து வைத்தேன். அந்த மனிதர் சிரிக்கவில்லை.

"ஆருக்கு?"

"என்ர தம்பி குமரனுக்கு. கொம்பனி பூட்டியாச்சு. வேலையாக்களின்ர காம்ப்பில சாப்பாட்டையும் நிப்பாட்டிப் போட்டாங்கள். பாஸ்போர்ட் முதலாளியிட்ட. நீங்கள் அங்க வேலை செய்தனீங்கள்தானே?"

இதற்குத் தூதரகத்தில் முறைப்பாடு கொடுக்கும் ஒழுங்கெல்லாம், பலருக்கு எழுதிக் கொடுத்ததில், எனக்கு அத்துப்படி. பதில் வரும்வரை எதைச் சாப்பிடுவது என்று அதில் இல்லை.

"சிட்டிக்குத் தெற்கால போகச் சொல்லு. கழிவுத்தண்ணியைச் சுத்திகரிச்சு விடுற வாய்க்கால் ஒண்டு ஓடுது. குழாய் வாயில பிடிக்க வேண்டாம், நாணல் நிக்கிற பக்கம் போகட்டும். பாண் துண்டு போட்டாக் காணும்."

"பாண் இருந்தா அவன் ஏன் மீனுக்குப் போறான்?"

"அப்ப மண்புழு. மஞ்சளும் புளியும் போட்டு நல்லா அவிக்கச் சொல்லு. மணம் போயிடும்."

"சாப்பிடலாமோ?"

"நாங்கள் சாப்பிட்டனாங்கள்."

இளைஞன் போன் கார்டைச் சுரண்டி, எண்களை அழுத்தி, தம்பியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தான். பிறகு தம்பி சொன்னதைக் கேட்டு, போனை இறக்கினான்.

"என்னவாம்?"

"அந்த நாணலுக்குள்ள நிண்டுதான் கதைக்கிறானாம். எல்லாக் காம்ப் ஆக்களும் அங்கதானாம். மீன் முடிஞ்சு போச்சாம், அண்ணை."