முற்றத்தில் ஒரு சுவர்

— மேஸ்திரி அண்ணே, கொஞ்சம் கையை நிறுத்துங்க. அடுத்த கல்லை வைக்காதீங்க.

— கலவை காஞ்சிடும்மா. சாயங்காலம் பெரியவர் வந்து பார்க்கறப்ப, அவர் தம்பி குடும்பத்துத் தலை ஒண்ணும் இந்தப் பக்கம் தெரியக் கூடாதாம். உத்தரவு.

— அப்ப நான் வெளியே எப்படிப் போறது?

— பின்கதவு இருக்கே.

— திறந்தா சந்து. எலி போகும். இந்த ஒன்பது மாச வயிறு போகுமா?

— பங்கு பிரிக்கறப்ப அண்ணனும் தம்பியும் இதை யோசிக்கலையா?

— யோசிச்சாங்களே, விரல் விட்டு எண்ணி. முன்னால நாலு அறை அவருக்கு, பின்னால நாலு அறை எங்களுக்கு. கையெழுத்தும் போட்டாச்சு. வாசல் அந்தப் பக்கம், கிணறு இந்தப் பக்கம்னு ரெண்டு பேருக்குமே உறைக்கல.

— முற்றம் வச்ச வீடே அப்படித்தாம்மா. எல்லா அறையும் தெருவுக்கு முதுகைக் காட்டிட்டு உள்ளே பார்த்து உட்கார்ந்திருக்கும். வெட்டிப் பிரிக்கத் தோது கிடையாது.

— பெரியவர் தெருக்குழாயில தண்ணி பிடிச்சுக்குவாராம். எங்க வீட்டுக்காரர் சுவரேறிக் குதிப்பாராம். வீம்புல ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல. நானும் குதிக்கவா?

— அழாதீங்கம்மா.

— பயமா இருக்குண்ணே. இவர் லாரியை எடுத்துட்டுப் போனா வர மூணு நாள் ஆகும். நடுவுல வலி கண்டா நான் உள்ளேயே கிடந்து செத்துப்போவேன். ஒரு கதவுக்கு இடம் விடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— அந்த மூலையில இன்னும் ஒரு கல்லுகூட வைக்கல, பார்த்தீங்களா? சாக்குக்கு அடியில கதவு இருக்கு.

— யார் கொண்டுவந்தது?

— பெரியவர் சம்சாரம். அவர்கிட்ட நான் பேசிக்கறேன், நீ வேலையைப் பாருன்னாங்க.

— அக்காவா? என் முகம் பார்த்துப் பேசி ஆறு மாசமாச்சு. தண்ணி வேணுமில்ல, அதான். தாழ்ப்பாள் அவங்க பக்கம்தானே? வலியில நான் தட்டறப்ப, மனசு வந்தாத்தான் திறப்பாங்க.

— நானும் அப்படி நினைச்சுதான் அவங்க பக்கம் அளவெடுத்தேன். கையைத் தட்டிவிட்டாங்க.

— ஏனாம்?

— எங்க பக்கம் இருந்தா இவர் பூட்டிடுவார், அவ பக்கமே போடுன்னாங்க. தண்ணிக்கு நான் தட்டிட்டு நின்னுக்கறேன், வலியோட அவ தட்டிட்டு நிக்கக் கூடாதுன்னாங்க.