இலை துடைத்தவன்

இலை மஞ்சளானால் பலரும் உடனே உரம் போடுவார்கள். நானும் முதலில் அந்தத் தவறைத்தான் செய்தேன்.

அது 1986. சூரிச்சில், லாங்ஸ்ட்ராஸ தெருவுக்குப் பின்னால் இருந்த பழைய கட்டடமொன்றில் தவச்செல்வனும் நானும் ஆளுக்கோர் அறையில் இருந்தோம். எனக்கு உணவகத்துச் சமையலறையில் வேலை. அந்த ஊர் ஜெர்மன் மொழியான டொச்சும் ஓரளவு பேசுவேன். அவன் புதிதாக வந்தவன். டாக்டரிடம் போனாலும் அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் நான்தான் அவனுக்கு வாய். என்னோடு வேலை செய்த சுவிஸ்காரன் ஒருவன் சில கஞ்சா நாற்றுகளைத் தந்து, வளர்த்தால் ஆளுக்குப் பாதி என்றான். வாங்கிக்கொண்டேன்.

என் அறையில் வெயில் விழாது. செடிகளின் அடியிலைகள் மஞ்சளாயின. பசி என்று நினைத்து உரம் போட்டேன். நுனிகள் கருகி, கொக்கிபோல் கீழே வளைந்தன. பிறகுதான் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தேன். உள்ளே சேறு. குளிரிலும் ஈரத்திலும் வேருக்கு மூச்சில்லை. தண்ணீரை நிறுத்தி மண்ணைக் காயவிட்டேன். அடுத்து, நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மட்டும் வெளிறியது. மருந்துக்கடையில் பேதியுப்பு வாங்கிக் கரைத்து ஊற்றினேன். பழுத்த இலை திரும்பாது, புதுத் துளிரைத்தான் பார்க்க வேண்டும். துளிர் நல்ல பச்சையாக வந்தது. இனித் தேவை வெயில் மட்டுமே. வெயில் தவச்செல்வனின் ஜன்னலில் இருந்தது.

பூச்செடி என்று சொல்லி அங்கே வைத்தேன். அவன் நம்பினான். ஒருநாள் அவனே கூப்பிட்டு, இலைகளில் ஊசி குத்தியதுபோல் வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினான். திருப்பிப் பார்த்தால் அடியில் மெல்லிய வலை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிலந்திப்பூச்சிகள். சவர்க்காரத் தண்ணீரில் துணி நனைத்து ஒவ்வோர் இலையாகத் துடைக்கச் சொன்னேன். வேலை அனுமதி கிடைக்காமல் சும்மா இருந்தவன், அதை ஆசையோடு எடுத்துக்கொண்டான்.

பூ வந்தது, மணமும் வந்தது. அயலவர் யாரோ முறையிட்டிருக்க வேண்டும். ஒரு பிற்பகல் போலீஸ்காரர்கள் இருவர் வந்தபோது அவன் ஈரத்துணியோடு செடிகளருகே நின்றான். யாருடையவை என்று கேட்டார்கள். நான் தமிழில் அவனிடம் கேட்டேன்.

“உங்கட பூச்செடி எண்டு சொல்லுங்கோ அண்ணை. நான் துடைச்சுவிடுறனான், அவ்வளவுதான்.”

தன்னுடையவை என்கிறார் என்று டொச்சில் சொன்னேன்.

என் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவிருந்தது. மனைவியைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவனுடையது ஏற்கெனவே நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டில் கிடந்தது. வாய்ப்புள்ளவன் தப்புவதே நியாயம் என்று எனக்குப் பட்டது. போலீஸ்காரர் அவனையே பார்த்து, அப்படித்தானா என்று கேட்டார். தான் சொன்னதைத்தான் நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்து, அவன் என்னைப் பார்த்துச் சிரித்தபடி தலையாட்டினான்.

விசாரணையிலும் என்னையே மொழிபெயர்க்க வைத்தார்கள். அவன் நெடுநேரம் பேசினான். நான் சுருக்கமாகச் சொன்னேன். திருப்பி அனுப்புவதென்று முடிவானபின் போய்ப் பார்த்தேன். அவனுக்கு என்மேல் சந்தேகமே இல்லை.

“நான் சொன்னது அவங்களுக்கு விளங்கேல்லைப் போல, அண்ணை. இன்னொருக்காச் சொல்லிப் பாருங்கோ.”

ஓம் என்றேன்.

கொழும்பு விமான நிலையத்தில் அவனை ஒரு ஜீப்பில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை.

அவன் மனைவி ஜெயகௌரி எங்கள் தமிழ்க் கடைக்குத் தொலைபேசி எடுத்து என்னைக் கேட்டாள். கெட்ட பழக்கம் வேண்டாமென்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் என்றேன். அவள் அழுதாள். நானாவது பக்கத்தில் இருந்தேனே என்று நன்றி சொன்னாள்.

“கடைசியா என்ன சொன்னவர் அண்ணை?”

உங்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னான் என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது உண்மைதான். ஆளை மட்டும் மாற்றிச் சொன்னேன்.