எல்லைக்கல்லுக்கு அடியில் ஒரு சாட்சி

மணியடித்து நம்மை இந்த மாதா கோயில் வாசலில் கூட்டிய ஊர்த்தலைவர் வெலாஸ்கோ அவர்களே! ஏர் பிடித்துக் காய்த்த கையோடு வந்திருக்கும் பெரியோர்களே! வயலுக்குச் சுவரெழுப்பக் கல் சுமந்த தாய்மார்களே! உங்கள் முனியோ வணங்குகிறேன்.

கணவாயைப் பாருங்கள், புழுதி எழும்புகிறது! மடத்தோடு நமக்குள்ள நில வழக்கைத் தீர்க்கக் காஸ்டில் மன்னரின் நடுவர் வருகிறார். அவர் குதிரை ஓடையைத் தாண்டுவதற்குள் நான் பேசி முடிக்க வேண்டும்.

நம் மலைச்சரிவு வெறுங்காடு, ஆகவே மடத்துக்கே சொந்தம் என்கிறார்கள் துறவிகள். காடா அது? கல் பொறுக்கி, கல் அடுக்கி, மண் நிரப்பிய படிவயல் காடா? ஓராண்டு கோதுமை விதைத்து, மறு ஆண்டு தரிசு போட்டு, தரிசில் ஆட்டுக்கிடை போட்டு உரமேற்றிய மண் காடா? ஓக் மரத்தைக்கூடப் பன்றிக்குக் கொட்டை உதிரட்டுமென்று கிளை கழித்து வளர்த்தோமே! அங்கே தானாக முளைத்தது எது?

"முள்ளு இருக்குல்ல!" என்கிறார் கொல்லர் ஒர்டோன்யோ. இருக்கிறது ஐயா! அதையும் வேலிக்கென்று நட்டவர் உங்கள் மாமனார்தான்!

சிரித்தது போதும். மடமே ஒப்புக்கொண்டு நட்ட ஒன்பது எல்லைக்கற்கள்தான் நம் ஆதாரம். அவை நட்ட இடத்திலேயே நிற்கின்றன என்று சத்தியம் செய்ய நேற்று முடிவெடுத்தோம். நானும் கை தூக்கினேன். அப்போதிருந்து எனக்கு ரொட்டி இறங்கவில்லை. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்?

கல் நடும்போது அடியில் என்ன புதைப்போம்? உடைத்த ஓட்டுத் துண்டும் ஒரு பிடி கரியும். கல்லை நகர்த்தினாலும் நட்ட இடத்திலேயே மக்காமல் கிடக்கும் அந்த ஓடுதான் சாட்சி. நடுவர் தோண்டினால் ஒன்பதாம் கல்லுக்கு அடியில் ஓடு இருக்காது! திராட்சைக்கு இடம் போதவில்லையென்று அந்தக் கல்லை மடத்து நிலத்துக்குள் நாற்பது அடி நகர்த்தினார் என் தகப்பனார். கடப்பாரையின் மறுமுனையைப் பிடித்தவன் நான்.

"அடப்பாவி முனியோ! ஊரையே பொய்ச் சத்தியம் பண்ண வச்சிருப்பியேடா!"

திட்டுங்கள் மென்சியா அக்கா, தகும். ஒரு கல் பொய்யானால் ஒன்பதும் பொய் என்பார்கள். மலையே போகும்.

"வாய மூடுப்பா, யாரும் தோண்டமாட்டாங்க" என்கிறார் தலைவர். தோண்டமாட்டார்கள் என்ற நம்பிக்கையிலா நம் பிள்ளைகளின் ரொட்டியைப் பணயம் வைப்பது?

சத்தியம் செய்யாதீர்கள். தோண்டச் சொல்லுங்கள்! என் திராட்சைத் தோட்டத்தில், மூன்றாம் வரிசையில், முறுக்கேறிய பழைய கொடியின் அடியில், கல் முதலில் நின்ற இடத்தில் தோண்டச் சொல்லுங்கள்! ஓடு அங்கே இருக்கிறது. அதற்கு அப்பாலுள்ள ஆறு வரிசையும் மடத்துக்குப் போகட்டும். நான் நட்ட கொடிகள், வலிக்கிறது, போகட்டும். இப்பாலுள்ள மலை ஊருக்கு நிற்கட்டும்!

இதுவரை என்மேல் கல்லெறியாமல் கேட்ட உங்களுக்கு நன்றி. குளம்படி கேட்கிறது. மண்வெட்டி கொண்டுவந்திருக்கிறேன், வாருங்கள். அனைவருக்கும் என் வணக்கம்!