ரெண்டு பேருக்கு ஒரு ஜோடி

— டப்பாவத் தள்ளாத பாய், முழுசாக் கேளு, நான் இன்னா சொல்றேன்னா...

— ஒண்ணும் சொல்லாத கனகு! போன தீபாவளிக்கு நீ வாங்கின. இந்த ரம்ஜானுக்கு நான் வாங்கணும். முறைன்னா முறைதான்பா, நடுவுல நீ எதுக்கு...

— முறைய அப்பறம் பேசலாம். மொதல்ல போட்டுப் பாரு, எட்டாம் நம்பர்தான்.

— எட்டுன்னு எனக்குத் தெரியாதா? உன் காலும் எட்டு, என் காலும் எட்டு. அதனாலதான நாம தோஸ்தே ஆனோம். வேலூர் ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்துக்கினு நீ என் காலயே பாத்த. எனக்குக் கோவம் வந்துது. எவன்டா இவன், இருக்கறது ஒரு காலு, அதையும் மொறைக்கிறானேன்னு.

— மொறைக்கல. அளவு பாத்தேன். ஷூ ஃபேக்டரியில செக்கிங்ல இருந்தவன் வேற எதப் பாப்பான்? 'பாய், உங்களுக்கு எந்த சைடு இருக்கு'ன்னு மரியாதையாத்தான கேட்டேன்.

— ரைட்டுன்னேன். 'எனக்கு லெஃப்ட்டு, ஒரு ஜோடி வாங்கினா ரெண்டு பேருக்கும் ஆச்சு'ன்ன. அன்னைலேர்ந்து நடக்குது. இன்னைக்கு வந்து ரெண்டையும் நீயே வெச்சிக்கோன்ற. லெஃப்ட்ட வெச்சிக்கினு நான் இன்னாபா பண்றது? மண்ணு கொட்டி செடி நடறதா?

— நடு. கறிவேப்பிலைக்கு எடம் இல்லன்னு பில்கிஸ் சொல்லிக்கினு இருந்துதே.

— என் மருமகள உள்ள இழுக்காத. அது பாவம், உனக்கு சக்கர போடாத டீ தனியா போட்டுக்கினு இருக்குது. கேட்டதுக்கு பதில் சொல்லு.

— கறுப்புதான் வாங்கினேன், பாத்தியா?

— பாத்தேன். அதான் ஜாஸ்தி பேஜாரா இருக்கு. ஒவ்வொரு வாட்டியும் ப்ரவுன் ப்ரவுன்னு என் உயிர வாங்கினவன், இன்னைக்கு நான் கேக்காமலே கறுப்ப வாங்கிக்கினு பேரணாம்பட்டுலேர்ந்து ஆட்டோ புடிச்சி வர்றான். ஏதோ கோல்மால் இருக்குது.

— கடையில ப்ரவுன் இல்ல பாய்.

— ஊரே ஷூ தைக்கிற ஆம்பூர்ல! ப்ரவுன் ஷூ இல்ல! யா அல்லா, இத ஆம்பூர்லயே உக்காந்துக்கினு சொல்றான் பாரு.

— சத்தம் போடாத. தெருவுக்கே கேக்குது.

— கேக்கட்டும். காலையில வாட்ஸ்ஆப் குரூப்ப விட்டும் போய்ட்ட. ஷோயப்தான் போனப் பாத்துட்டு வந்தான். 'கனகு சாச்சா லெஃப்ட்டு'ன்னான். ஆமாடா, அவன் லெஃப்ட்டு, உங்கப்பன் ரைட்டு, இது இன்னா புதுசுன்னேன். தலையில அடிச்சிக்கினான்.

— அந்த குரூப்ல இன்னா இருக்குது? எல்லாம் நம்மள மாதிரி கால் எடுத்த கேசுங்க. குட்மார்னிங், ரோசாப்பூ. போன் ரொம்பிடுது.

— ரோசாப்பூவ விடியறதுக்கு முன்னாடி அனுப்பறவனே நீதான்பா!

— முழிச்சிக்கினு இருக்கேன். வீட்ல பேச ஆள் இல்ல. அனுப்பினா நீயாவது ஒரு கட்டவெரலு அனுப்புவ.

— அனுப்பறேன் இல்ல? அப்பறம் எதுக்குப் போன?

— எல்லாரும் எப்படி இருக்க, எப்படி இருக்கன்னு கேக்கறாங்க. பதில் சொல்ல புடிக்கல. விடு பாய். அந்த லெஃப்ட்டுன்ற வார்த்த என்ன விடவே மாட்டேங்குது. எத்தன வருசம்! லெஃப்ட்டயும் ரைட்டயும் ஜோடி சேத்து சேத்து டப்பாவுல வெச்சேன். காலு போய், கட்டை ஊனிக்கினு ஃபேக்டரி கேட்டாண்ட போய் நின்னா, புதுசா வந்த பையன் ஆபீசுக்குப் போன் போட்டான். 'கனகராஜா? அவரு லெஃப்ட்டு'ன்னாங்க. வேலைய விட்டுட்டேனாம். நானா விட்டேன்?

— எனக்கு மட்டும்? லாரி க்ளீனரா இருந்தப்போ பின்னாடி நின்னுக்கினு 'லெஃப்ட்ல வா, லெஃப்ட்ல வா'ன்னு கத்திக் கத்தியே தொண்ட போச்சு. ஒரு நாள் வந்தான் பாரு ட்ரைவரு, நேரா என் லெஃப்ட்டு மேலயே வந்துட்டான்.

— எம் பேத்தி ஹரிணி போன்ல சொல்றா, 'தாத்தா, மிச்சம் இருக்கறதுக்கும் இங்கிலீஷ்ல லெஃப்ட்டுதான்'னு. தட்டுல இட்லி மீந்துபோனா அதுவும் லெஃப்ட்டாம்.

— போறதும் லெஃப்ட்டு, மிச்சமும் லெஃப்ட்டா? வெள்ளக்காரனுக்கு வார்த்த அவ்ளோ கம்மியா?

— அவனுக்கு வார்த்த கம்மி. நமக்குக் காலு கம்மி.

— சிரிக்க வெக்காத கனகு, நான் கோவமா இருக்கேன். தேவிகா கூப்ட்டாளா? ஓசூருக்குப் போறியா?

— இல்ல.

— போறதுன்னா சொல்லிட்டுப் போ. பொண்ணு வீட்டுக்குப் போறதுல இன்னா தப்பு? ஆனா இந்த மாதிரி, வீட்ட காலி பண்றவன் அண்டா குண்டா தானம் பண்ற மாதிரி ஷூவக் குடுத்துட்டுப் போகாத. நான் இன்னா உன் காலப் புடிச்சி இழுக்கவா போறேன்?

— புடிச்சாலும் ஒண்ணுதான இருக்குது.

— கனகு...

— தேவிகா கூப்டல பாய். அவளுக்கு விஷயமே தெரியாது.

— இன்னா விஷயம்?

— டீ வருது பாரு.

— இங்க வைம்மா பில்கிஸ். போம்மா, அப்படியே கதவ சாத்திக்கினு போ. இன்னா விஷயம்னு கேட்டேன். வந்ததுலேர்ந்து பாக்கறேன், கால கட்டிலுக்கு அடியிலயே தள்ளிக்கினு இருக்க. வெளிய நீட்டு.

— வேணாம்.

— நீட்டுபா. இன்னா இது, ப்ளாஸ்டிக் கவரு? வெளிய மழ கூட இல்ல.

— மண்ணு படக்கூடாதுன்னாங்க.

— கவர அவுத்துடு.

— வேணாம் பாய். நாத்தம் வரும். அந்தப் பொண்ணு இப்பதான் வீட்டத் தொடச்சி வெச்சிருக்குது.

— எப்பலேர்ந்து இது?

— தீபாவளிக்கு வாங்கினோமே ப்ரவுனு, அதுதான். என் லெஃப்ட்டுல, உள்ள ஒரு ஆணி முனை தூக்கிக்கினு இருந்துது. சக்கர வியாதிக் காலு இல்லியா, உறைக்கல. போட்டுக்கினு எங்க எங்கயோ போயிருக்கேன். சாக்ஸக் கழட்டினப்பதான் ரத்தமே தெரிஞ்சிது.

— என் ரைட்டுல ஒண்ணும் இல்லயேபா...

— உனக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி அதுல கைய விட்டுத் தடவிப் பாத்துட்டுதான் குடுத்தேன். ஃபேக்டரியில ஒரு டப்பாவ மூட மாட்டேன், கைய விட்டுப் பாக்காம. ஆணி இருந்தா ரிஜெக்ட். அதான வேல எனக்கு? என் ஷூவுல மட்டும் விடல. நமக்குதான, இன்னா இப்போன்னு மாட்டிக்கினேன்.

— அதுக்கு மருந்து இல்லயா? கட்டு கட்டினா ஆறாதா?

— எல்லாம் பாத்தாச்சு. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரு. வர்ற திங்கக்கெழம எடுத்துடறாங்க.

— இருக்கற ஒண்ணையுமா!

— டீ ஆறுது பாய்.

— இந்தக் கறுப்புலயும் கைய விட்டுப் பாத்தியா?

— பாத்தேன். ரெண்டுலயும்.

— லெஃப்ட்டுல எதுக்குபா பாத்த? யாரு போடப் போறா?

— பழக்கம்.

— போன எடு. இப்பவே தேவிகாவுக்குப் போடு. நான் பேசறேன்.

— போட்டா ஓடி வந்துடுவா. அவ மாமியா படுத்த படுக்கையா இருக்குது, அத எங்க விட்டுட்டு வருவா? வேணாம். எடுத்ததுக்கு அப்பறம் நானே சொல்லிக்கறேன். நான் ஷூ குடுக்கறதுக்கு மட்டும் வரல பாய்.

— பின்ன?

— ஆஸ்பத்திரியில கேட்டாங்க, கூட யாரு இருப்பாங்கன்னு. மயக்கம் தெளியும்போது பக்கத்துல ஒரு ஆள் இருக்கணுமாம். மொத வாட்டி எம் சம்சாரம் மனோரமா கூட இருந்தா. கண்ணத் தொறந்தப்போ என் கையப் புடிச்சிக்கினு உக்காந்திருந்தா. இப்ப அவ இல்ல, எனக்கு யார் பேரும் வாயில வரல. 'மக்பூல் அகமது'ன்னு உன் பேரச் சொல்லிட்டேன். 'உறவா'ன்னு கேட்டாங்க. 'ஆமா'ன்னுட்டேன். 'மாடி ஏறி எறங்கி, மருந்து வாங்க ஓடி ஆடுவாரா'ன்னாங்க. நல்லா ஓடுவாருன்னு பொய் சொல்லிட்டேன். திங்கக்கெழம, இந்தப் புது ஷூவப் போட்டுக்கினு வர்றியா பாய்?